பிபிஎல் ஆபரேஷன் முடிஞ்ச பிறகு உடம்புக்குள்ள என்ன நடக்குது?

[திரையில்: மயாமி விமான நிலையம், புறப்பாட்டுப் பகுதி]

மயாமி ஏர்போர்ட்ல வீல்சேர் வரிசையக் கொஞ்ச நேரம் கவனிச்சா, கையில கெட்டியான ஃபோம் தலையணையோட வர்ற பெண்களப் பாக்கலாம். அந்தத் தலையணை தலைக்கு இல்ல, தொடைக்கு. வயிறு, இடுப்பு, முதுகுலேர்ந்து கொழுப்ப உறிஞ்சி எடுத்து, அதையே பிட்டத்துல ஏத்திக்கிட்டு ஊர் திரும்புறவங்க அவங்க. பிரேசிலியன் பட் லிஃப்ட், சுருக்கமா பிபிஎல். கம்மி விலை பேக்கேஜ், இன்ஸ்டாகிராம் விளம்பரம், தவணையில பணம் கட்டுற வசதின்னு எல்லாம் சேர்ந்து அமெரிக்கா முழுக்கலேர்ந்தும் மயாமி இருக்கிற தெற்கு ஃப்ளோரிடாவுக்கு ஆட்கள இழுக்குது.

ஆபரேஷனுக்கப்புறம் என்ன செய்யணும்னு டிக்டாக்ல தேடினா, வர்றது பெரும்பாலும் ஷாப்பிங் லிஸ்ட்தான். தலையணை, இறுக்க உடை, வயித்துல வைக்கிற போர்டு, நின்னுக்கிட்டே சிறுநீர் கழிக்க ஒரு புனல். வாங்கிக்கலாம், தப்பே இல்ல. ஆனா உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் எதுவும் அந்த லிஸ்ட்ல இருக்காது. நாம அங்கேருந்தே ஆரம்பிப்போம்.

[திரையில்: பிட்டத்தின் குறுக்குவெட்டு. தோல், கொழுப்பு, தசை, பெரிய சிரைகள்]

பிட்டத்துத் தசைக்கு அடியில நல்ல பருமனான சிரைகள் ஓடுது. கொழுப்ப ஏத்துற குழாய் ஆழமாப் போய் அதுல ஒண்ணக் கிழிச்சா, கொழுப்பு ரத்தத்தோட கலந்து நேரா இதயத்துக்குப் போகும், அங்கேருந்து நுரையீரல்ல போய் அடைச்சுக்கும். 2017ல அழகியல் அறுவை மருத்துவர்கள்கிட்ட நடத்தின ஒரு சர்வே, சுமார் 3,000 பேர்ல ஒருத்தர் இந்த ஆபரேஷன்ல இறந்திருக்கலாம்னு கணக்குச் சொன்னது. அழகுக்காகப் பண்ற ஆபரேஷன்ல அது ரொம்பப் பெரிய எண். தெற்கு ஃப்ளோரிடாவுல மட்டும் 2010லேர்ந்து 2022க்குள்ள 25 பேர் இப்படி இறந்ததாப் பதிவாகியிருக்கு. அதுல பெரும்பாலானவை ஒரே நாள்ல நிறைய கேஸ் பண்ற மலிவு விலை கிளினிக்குகள்ல நடந்தது.

அதனால 2019ல தசைக்குள்ள கொழுப்பு ஏத்தவே கூடாதுன்னு ஃப்ளோரிடா மருத்துவ வாரியம் விதி போட்டது. சாவு நிக்கல. 2022ல இன்னொரு அவசர விதி: ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு மூணுக்கு மேல பண்ணக்கூடாது, குழாய் எங்க போகுதுன்னு அல்ட்ராசவுண்ட்ல பாத்துக்கிட்டே ஏத்தணும். 2023ல வந்த சட்டம், ஆபரேஷனுக்கு முந்தின நாளுக்குள்ள டாக்டர் நோயாளிய நேர்ல பாத்துப் பரிசோதிச்சிருக்கணும்னு சொல்லுது. இதச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய நிலைமை இருந்ததுன்னா, அதுக்கு முன்னாடி எப்படி நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

பின்கவனிப்பு வீடியோவுல இத ஏன் சொல்றேன்? ஏன்னா, கொழுப்பு அடைப்பு பெரும்பாலும் ஆபரேஷன் மேஜையிலயே, இல்லன்னா அடுத்த சில மணி நேரத்துல, ஒண்ணு ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும். கால் சிரையில ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்கு ஏறுறது வேற கதை. அது நாட்கள், வாரங்கள் கழிச்சுக்கூட வரலாம். திடீர்னு மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, புத்தி குழம்பிப் பேசுறது, ஒரு கால் மட்டும் கெண்டைக்கால்ல வீங்கி வலிக்குறது, இதுல எது வந்தாலும் உடனே அமெரிக்காவோட அவசர எண் 911க்கு அடிங்க. கிளினிக் கோஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிட்டு பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது.

ரத்தம் உறையாம இருக்க வழி, அன்னிக்கே எழுந்து நடக்குறது. வீட்டுக்குள்ளயே மெதுவா, முழிச்சிருக்கிற நேரத்துல மணிக்கொரு தடவை. வலிக்கும், நடக்கணும்.

முதல் ராத்திரி பயமுறுத்துற, ஆனா பெரும்பாலும் பயப்பட வேண்டாத ஒண்ணு இருக்கு. கொழுப்ப உறிஞ்சுறதுக்கு முன்னாடி, உப்புநீர்ல மரமரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து லிட்டர் கணக்குல உடம்புக்குள்ள ஏத்துவாங்க. அதுல மிச்சமிருக்கிறது அடுத்த ஒண்ணு ரெண்டு நாள், குழாய் நுழைஞ்ச சின்னச் சின்ன ஓட்டை வழியாக் கசியும். ரோஸ் கலர்ல, போர்வை நனையுற அளவுக்கு. மெத்தை மேல பிளாஸ்டிக் விரிப்பு, அதுக்கு மேல உறிஞ்சுற பேடு போட்டு வச்சுக்கங்க. அதே திரவம் கெட்டியாச் சிவந்து நிக்காம வந்தா, அது ரத்தப்போக்கு, அப்போ டாக்டர்.

இன்னொண்ணு, இறுக்க உடைய முதல் தடவை கழட்டுற நேரம். இறுக்கம் விட்டதும் ரத்த அழுத்தம் சரிஞ்சு, குளியலறையிலயே மயங்கி விழுறவங்க உண்டு. படுத்த நிலையில ஜிப்பக் கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கணும். ஏதாவது சாப்பிட்டிருக்கணும். கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும்.

[திரையில்: வாடகை வீடு, ஒரே அறையில் நாலு படுக்கை]

அந்தக் கூட இருக்கிற ஆள் யாரு? வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்காக மயாமியில ரெக்கவரி ஹவுஸ்னு ஒரு தொழிலே வளர்ந்திருக்கு. நல்லா நடத்துறவங்க இருக்காங்க. உரிமமே இல்லாம வீட்ட வாடகைக்கு எடுத்து, அறைக்கு நாலஞ்சு பேரப் படுக்க வச்சு, போலீஸ் கேஸ் ஆன இடங்களும் இருக்கு. காருல கூட்டிட்டுப் போறாங்களா, சூப் தர்றாங்களான்னு கேக்குறதுக்கு முன்னாடி, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வீட்ல முழிச்சிருக்கிறது யாரு, அவங்க நர்ஸா, உரிமம் இருக்கான்னு கேளுங்க. அக்காவோ தோழியோ முழுசா மூணு நாள் லீவு போட்டு வந்தா, அதுக்கு ஈடு எதுவும் இல்ல.

[திரையில்: நுண்ணோக்கிப் படம், கொழுப்பு செல்கள்]

சரி, எல்லாரும் கேக்குற கேள்வி: உக்காரலாமா?

ஏத்தின கொழுப்புக்குன்னு சொந்தமா ரத்தக்குழாய் கிடையாது. நாத்தைப் புடுங்கி வேற வயல்ல நட்ட மாதிரி, வேர் பிடிக்கிற வரைக்கும் அது பக்கத்துத் திசுவுலேர்ந்து ஊறி வர்ற திரவத்துலதான் பிழைக்கணும். அந்த ஊறல் ஒரு மில்லிமீட்டர் தூரம்கூடச் சரியாப் போகாது. அதனாலதான் திறமையான டாக்டர் மெல்லிய இழை இழையாப் பரப்பி ஏத்துவார். ஒரே இடத்துல குவிச்சா நடுவுல இருக்கிறது செத்துடும். புது ரத்தக்குழாய் சில நாள்ல முளைக்க ஆரம்பிச்சு, வாரக்கணக்குல வலுவாகும். அதுவரைக்கும் அழுத்தம் வேண்டாம்கிறதுதான் உக்காரக்கூடாதுன்னு சொல்றதோட அடிப்படை.

வழக்கமா, முதல் ரெண்டு வாரம் நேரா உக்காரக்கூடாது. அப்புறம் ஆறுலேர்ந்து எட்டு வாரம் வரைக்கும், தலையணையத் தொடைக்கு அடியில வச்சு, பின்புறம் அந்தரத்துல இருக்கிற மாதிரி உக்காரலாம். படுக்குறது குப்புற, இல்லன்னா ஒருக்களிச்சு. ஆனா இந்த வாரக் கணக்குக்குப் பின்னாடி இருக்கிற ஆதாரம் நீங்க நினைக்கிற அளவுக்கு உறுதியானது இல்ல. டாக்டருக்கு டாக்டர் மாறும். அதனால தூக்கத்துல புரண்டு மல்லாந்துட்டேன், டாய்லெட்ல ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டேன், எல்லாம் போச்சுன்னு அழ வேண்டியதில்ல. மணிக்கணக்குல அழுத்தம் கொடுக்கறதத் தவிர்த்தாப் போதும். உங்க டாக்டர் என்ன கணக்கு சொன்னாரோ அதப் பின்பற்றுங்க, டிக்டாக்ல வேறொருத்தர் டாக்டர் சொன்னத இல்ல.

சிகரெட், வேப் ரெண்டும் கூடவே கூடாது. முன்னாடி நாலு வாரம், பின்னாடி நாலு வாரமாவது. நிகோடின் சுருக்குறது அந்த முளைச்சு வர்ற ரத்தக்குழாயத்தான்.

[திரையில்: இறுக்க உடை]

இறுக்க உடைய மயாமியில ஸ்பானிஷ் பேர்லயே ஃபாஹான்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கொழுப்பு எடுத்த இடத்துல தோலுக்கும் தசைக்கும் நடுவுல காலி இடம் விழும், அதுல நீர் கோத்துக்கும். வயிறு, இடுப்ப அமுக்கிப் பிடிச்சு அதக் குறைக்கத்தான் ஃபாஹா. பின்புறத்த அமுக்கக் கூடாது. ஆறு வாரம் சுமார். சின்ன சைஸ் போட்டா சீக்கிரம் சிறுத்துடும்னு இறுக்கி, மடிப்பு விழுந்த இடத்துல தோல் கறுத்துப் புண்ணானவங்க இருக்காங்க. ரெண்டு விரல் உள்ள போகலைன்னா அது சைஸ் தப்பு.

அடுத்தது லிம்ஃபாட்டிக் மசாஜ், அதாவது வீக்கத்துல தேங்கின நீர வடிய வைக்கிற மசாஜ். உண்மையான முறை ரொம்ப மென்மையானது, தோல லேசா நகர்த்துற அளவுதான். ஆனா மயாமியில பரவிப் போன ஒரு பழக்கம், மூடிக்கிட்டு வர்ற ஓட்டைய மறுபடி திறந்து, கையால அழுத்தி உள்ள இருக்கிற நீரப் பிதுக்கி எடுக்குறது. துண்டு நனைய நனைய அத வீடியோவும் எடுத்துப் போடுறாங்க. பாக்க சுத்தம் பண்ற மாதிரித் தெரியும். நடக்குறது என்னன்னா, ஆறிக்கிட்டு இருந்த கதவத் திறந்து கிருமிக்கு வழி விடுறது. நீர் கோத்திருந்தா ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கணும், அதுவும் கிளினிக்ல, கிருமி நீக்கின கருவியில. மசாஜ் மேஜையில இல்ல.

வலி மாத்திரை மலச்சிக்கல் உண்டாக்கும், தண்ணியும் நார்ச்சத்தும் கூட வேணும். அந்த மாத்திரை சாப்பிடுற வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. ஆஃபீஸ் வேலைக்கு ரெண்டு வாரம் கழிச்சுப் பெரும்பாலும் திரும்பலாம், ஜிம்முக்கு ஆறிலேர்ந்து எட்டு வாரம்.

மூணாவது, நாலாவது வாரத்துல கண்ணாடி முன்னாடி நின்னு பதறுவாங்க. வீக்கம் வடிஞ்சு அளவு குறையும். ஏத்தினதுல தங்குறது 60லேர்ந்து 80 சதவீதம்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, மிச்சத்த உடம்பே கரைச்சுடும். உண்மையான வடிவம் மூணுலேர்ந்து ஆறு மாசத்துலதான் தெரியும். தங்கினது உயிருள்ள கொழுப்பு, எடை ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். உள்ள கெட்டியா உருண்டையா ஏதாவது தட்டுப்பட்டா, செத்த கொழுப்பு எண்ணெய்க் கட்டியா நின்னிருக்கலாம். ஒரு அல்ட்ராசவுண்ட்ல தெரிஞ்சிடும்.

[திரையில்: டொமினிக்கன் குடியரசு வரைபடம்]

வெளிநாடு போய்ப் பண்றவங்களுக்குத் தனியா ஒண்ணு. அழகியல் ஆபரேஷனுக்காக டொமினிக்கன் குடியரசுக்குப் போன அமெரிக்கர்கள்ல 2009லேர்ந்து 2022 வரைக்கும் 93 பேர் இறந்திருக்காங்கன்னு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2024ல வெளியிட்டது. விவரமா ஆராய்ஞ்ச சாவுகள்ல பாதிக்கு மேல கொழுப்பு அடைப்பு, இல்லன்னா ரத்த உறைவு. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாம் நாள் டிக்கெட் போடுறவங்க இத நினைவுல வச்சுக்கணும். நீண்ட பயணமே கால்ல ரத்தம் உறைய ஒரு காரணம். எப்போ பறக்கலாம்னு டாக்டர் சொன்ன பிறகு டிக்கெட் எடுங்க. ஆபரேஷன் விவரம், கொடுத்த மருந்து எல்லாத்தையும் எழுத்துல வாங்கிக்கிட்டுக் கிளம்புங்க.

அந்தக் காகிதம் எதுக்குன்னா, அதே நாட்டுலேர்ந்து திரும்பின சில பெண்களுக்கு 2013, 2014ல மைக்கோபாக்டீரியம் அப்செசஸ்ங்கிற கிருமி தொத்தியிருந்தது. காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரன். வாரங்கள் கழிச்சு, காயமெல்லாம் ஆறின மாதிரி இருக்கும்போது, சிவப்பா முடிச்சு முடிச்சா கிளம்பிச் சீழ் வைக்கும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது, கிருமிய வளர்த்துப் பாக்குற சாதாரண கல்ச்சர் பரிசோதனையில தவறிப்போகவும் வாய்ப்பிருக்கு. மாசக்கணக்குல மருந்து, சிலருக்கு மறுபடி ஆபரேஷன். அதனால உள்ளூர் டாக்டர்கிட்டப் போகும்போது வெக்கப்பட்டு மறைக்காதீங்க. எந்த நாட்டுல, எந்தத் தேதியில, என்ன பண்ணினீங்கன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க. சொன்னாத்தான் அவர் இந்தக் கிருமிக்கான தனிப் பரிசோதனைய எழுதிக் கொடுப்பார்.