100 மணி நேர உழைப்பு, யாரும் கவனிக்கவே கூடாதுன்னு!

வெறும் கறுப்பு, வெள்ளை. நடுவுல சாம்பல்கூடக் கிடையாது. இந்த ரெண்டே நிறத்துல ஒரு முழு 3டி கப்பலைக் கட்டின மனுஷன், திரையில புள்ளிகள் நெளியறதை நிறுத்த மட்டும் சுமார் 100 மணி நேரம் செலவு பண்ணாரு. வேலை சரியா முடிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? ஒருத்தர் கண்ணுலயும் படாது!

வணக்கம் மக்களே. கேம் பேரு 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. செஞ்சவர் லூகாஸ் போப், 2013ல 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமைக் கொடுத்தாரே, அவரேதான். 1807ல, காணாமப்போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஆளே இல்லாம திரும்பி வருது, இன்சூரன்ஸ் ஆளா நீங்க போய் விசாரிக்கணும். இதுக்கு மேல சொன்னா கமெண்ட்ல அடிப்பீங்க.

இந்த லுக் எங்கேர்ந்து வந்துச்சு? ஆப்பிளோட பழைய மேகின்டோஷ் கம்ப்யூட்டர். 512க்கு 342 பிக்சல், ஒவ்வொண்ணும் ஒண்ணு கறுப்பு, இல்ல வெள்ளை.

சரி, அப்போ நிழல் எப்படி வரும்? வீட்டுல பழைய தினசரி பேப்பர் இருந்தா அதுல ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவை பூதக்கண்ணாடி வெச்சுப் பாருங்க. சாம்பல் மையே இருக்காது, எல்லாம் கறுப்புப் புள்ளி. தள்ளி வெச்சுப் பார்த்தா தலைவர் முகம்! நம்ம கண்ணே கலந்துக்குது. கேமும் முதல்ல காட்சியை உள்ளுக்குள்ள சாம்பல்லதான் வரையுது. அப்புறம் 8க்கு 8 கட்டம், 64 எண், அதைத் திரை பூரா திரும்பத் திரும்ப அடுக்குது. பிக்சலோட வெளிச்சம் அந்தக் கட்டத்து எண்ணைத் தாண்டினா வெள்ளை, தாண்டலைன்னா கறுப்பு. முடிஞ்சது.

இந்தக் கட்டத்தை 1973ல சொன்னவர் கோடாக் கம்பெனியில வேலை பார்த்த பிரைஸ் பேயர். அதே ஆளுதான் டிஜிட்டல் கேமரா சென்சார் மேல உட்காருற சிவப்பு, பச்சை, நீல வடிகட்டியையும் கண்டுபிடிச்சாரு. பெரும்பாலான போன் கேமராவுல இன்னிக்கும் ஏதோ ஒரு வடிவத்துல அது இருக்கு. நீங்க எடுத்த செல்ஃபிக்கெல்லாம் இவருக்கு ஒரு நன்றி பாக்கி!

(திரையில்: கேமரா மெதுவா திரும்புது, புள்ளிகள் மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது)

இப்போ பிரச்சினைக்கு வருவோம். ஜன்னல்ல கொசுவலை அடிச்சிருப்பீங்க. அதுல ஒரு துண்டை வெட்டி மூஞ்சிக்கு முன்னாடி கட்டிக்கிட்டுத் தெருவைச் சுத்திப் பாருங்க. தெரு நகரும், வலை உங்க மூஞ்சியோடயே வரும். சும்மா நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. திரும்பினா சுவர், மரம், ஆள் எல்லாத்து மேலயும் வலை ஊர்ந்து போகும். ஓப்ரா டின்னுல நடந்தது இதேதான், புள்ளிக் கட்டம் திரையோடயே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. கம்ப்யூட்டர் திரையில ஒரு சின்ன விண்டோவுல கேமை ஓட்டினப்போ போப் தப்பிச்சாரு. முழுத் திரையில போட்டா ஆயிரக்கணக்கான புள்ளி மினுமினுத்துக் கண்ணைப் பதம் பார்க்குது.

பொருள் மேலயே புள்ளியை ஒட்டிட்டா என்னன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா கிட்டப் போனா புள்ளி பூசணிக்காய் ஆகும், தள்ளிப் போனா கடுகாயிடும்.

போப் பிடிச்ச வழி இருக்கே, எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. கேமராவைச் சுத்தி ஒரு பெரிய உருண்டை இருக்குன்னு வெச்சுக்குங்க, உட்பக்கம் பூரா புள்ளிக் கோலம். நீங்க நடுவுல. தலையைத் திருப்பினா உருண்டை அப்படியே நிக்கும், அதனால புள்ளியும் காட்சியோட சேர்ந்தே நகரும். நடந்து போறப்ப இன்னும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். ஆனா கண்ணை ரொம்ப உறுத்தறது திரும்புற அசைவுதான், அது அடங்கிடுச்சு. வளைஞ்ச பரப்புல புள்ளி கோணலாகாம இருக்க, பெரிய அளவுல வரைஞ்சு சுருக்கினது தனிக் கூத்து.

2018 அக்டோபர்ல கேம் வந்துச்சு, 2019ல கலைக்காக பாஃப்டாங்கிற பிரிட்டன் விருதை வாங்குச்சு.

செட்டிங்ஸ்ல பழைய மானிட்டர் நிறங்களும் இருக்கு. நான் ஐபிஎம் பச்சை கட்சி. மேகின்டோஷ் கட்சிக்காரங்க கமெண்ட்ல வாங்க, சண்டை போடலாம். கொசுவலையை வெட்டினதுக்கு வீட்டுல திட்டினா மட்டும் என் பேரைச் சொல்லாதீங்க.