முட்டைக்கும் வயசாகும், விந்தணுவுக்கும் அடிபடும்

வணக்கம் நேயர்களே. நான் குழந்தையின்மை சிகிச்சை லேப்ல கருக்களை வளர்க்கிற வேலை பாக்குறேன். நாம மூச்சு விடுற காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்கு, ஆனா எங்க இன்குபேட்டர் பெட்டிக்குள்ள 5 சதவீதம்தான் வெக்கிறோம். ஆக்சிஜன் உயிர் காக்கறதுதானே, ஏன் குறைக்கிறீங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க. அம்மாவோட கருக்குழாய்லயே ஆக்சிஜன் கம்மிதாங்க, அது அதிகமானா ஃப்ரீ ரேடிக்கல்னு, பக்கத்துல இருக்கிறதையெல்லாம் தாக்குற ஒரு மூலக்கூறு உருவாகி செல்லை அரிக்க ஆரம்பிச்சிடும்.

அது எங்க அரிக்குதுன்னு சொல்றேன். புடவை முந்தானையில நூல் பிரியாம இருக்க குஞ்சம் முடிஞ்சிருப்பாங்க இல்லையா, அதே மாதிரி, செல்லுக்குள்ள நம்ம மரபுத் தகவலை, அதாவது டிஎன்ஏவை, சுமக்கிற இழையான குரோமோசோமோட நுனியில டெலோமியர்னு ஒண்ணு இருக்கு. செல் ஒவ்வொரு தடவை ரெண்டா பிரியும்போதும் அது கொஞ்சம் குட்டையாகும், ரொம்ப குட்டையாச்சுன்னா செல் பிரியறதையே நிறுத்திடும். மனுஷ செல்லை லேப்ல வளர்த்தா சுமார் 50 தடவைதான் பிரியுதுன்னு 1961லயே ஹேஃப்லிக், மூர்ஹெட்னு ரெண்டு விஞ்ஞானிகள் காட்டிட்டாங்க. டிஎன்ஏ நாலு எழுத்தால ஆனது, டெலோமியர்ல அதுல ஜிங்கிற எழுத்து நிறைய வரும், ஃப்ரீ ரேடிக்கலுக்கு சுலபமா சிக்குறதும் அந்த ஜிதான், அதனால செல் பிரியாம சும்மா இருந்தாலும் அங்க சேதாரம் சேர்ந்துக்கிட்டே போகும்.

இப்ப முட்டைக்கு வர்றேன். ஒரு பொண்ணுக்கு வேண்டிய முட்டை எல்லாம் அவ அம்மா வயித்துல இருக்கும்போதே உருவாகிடுது. அஞ்சாம் மாசத்துல 60, 70 லட்சம் இருக்கும், பொறக்கும்போது 10லேர்ந்து 20 லட்சம், வயசுக்கு வரும்போது 3, 4 லட்சம்தான் மிச்சம். 38 வயசுல வர்ற முட்டை 38 வருஷத்துக்கும் மேல அப்படியே காத்துக்கிட்டு இருந்த முட்டை, அத்தனை வருஷ சேதாரமும் அதுல இருக்கும், குரோமோசோம்களைப் பிடிச்சு வெக்கிற புரதமும் தளர்ந்திருக்கும், அதனாலதான் வயசு ஏற ஏற கரு தப்பா அமையறதும் கலையறதும் கூடுது. இது அந்தப் பொண்ணு செஞ்ச தப்பு இல்லைங்க, தயவுசெஞ்சு வீட்ல யாரும் அவளைக் குத்திக் காட்டாதீங்க.

அதோட, எங்ககிட்ட வர்ற பல ஜோடிகள்ல பொண்ணோட ஃபைல் இவ்ளோ தடிமனா இருக்கும், ஸ்கேன், ரத்த டெஸ்ட், டியூப் டெஸ்ட்னு எல்லாம் இருக்கும், ஆம்பளையோட ஒரு விந்து ரிப்போர்ட்கூட இருக்காது. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம். வயசான ஆம்பளைங்க விந்தணுவுல டெலோமியர் குட்டையாகுறது இல்ல, நீளமாகத்தான் ஆகுது, டெலோமரேஸ்னு ஒரு என்சைம் டெலோமியரை நீட்டி விட்டுப் பாத்துக்குது. அதை வெச்சு ஆம்பளைக்கு வயசே கிடையாதுன்னு நெனச்சுடாதீங்க. விந்தணு ரொம்பச் சின்னது, அடிபட்ட டிஎன்ஏவை சரிபண்ற வசதி அதுக்கிட்ட கிடையாது, சிகரெட், விதைப்பைச் சூடு, விதைப்பையில ரத்தக்குழாய் வீங்குற வேரிகோசீல் இதெல்லாம் ஃப்ரீ ரேடிக்கலை ஏத்தி அதோட டிஎன்ஏவையே உடைச்சிடும்.

ஃப்ரீ ரேடிக்கலை அடக்குறதா சொல்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமான்னு தெனமும் கேக்குறாங்க. அமெரிக்காவுல 170 ஆம்பளைங்களுக்கு மேல சேத்து டெஸ்ட் பண்ணி 2020ல ரிசல்ட் போட்டாங்க, மூணு மாசம் சாப்பிட்டும் விந்தணு எண்ணிக்கையோ அதோட டிஎன்ஏவோ தேறல. அந்தக் காசுக்கு முதல்ல ஒரு விந்து டெஸ்ட் எடுங்க, சிகரெட்டை இன்னிக்கே விடுங்க. விந்தணு உருவாக ரெண்டரை மாசம் ஆகும், அதனால இன்னிக்கு விட்டா மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்துப் பாருங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க, ரெண்டு ஃபைலோட வாங்க.