வடகிழக்கில் திறந்த கதவு: தொஹோகு பல்கலைக்கழகத்தின் கதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1913 ஆகஸ்டில் ஜப்பான் கல்வி அமைச்சகத்திலிருந்து சென்டாய் நகரத்திலிருந்த தொஹோகு பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போனது. நீங்கள் நுழைவுத் தேர்வில் பெண்களை உட்கார வைத்திருக்கிறீர்களாமே, இது இதுவரை நடந்திராத காரியம், மிகவும் கனமான விஷயம், விளக்கம் தேவை என்பது அதன் சாரம். அரசாங்கக் கடிதங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்தத் தொனி புரியும். கேள்வி கேட்பது போல இருக்கும்; உண்மையில் அது ஒரு அதட்டல்.

கடிதம் கைக்கு வந்தபோது தேர்வே முடிந்துவிட்டது. மூன்று பெண்கள் தேறினார்கள். பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்பதைப் பல்கலைக்கழகம் பிடித்துக்கொண்டது. மூவரும் சேர்ந்தார்கள். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம் பெண்களை மாணவர்களாக ஏற்றது 1946இல்தான். இரண்டுக்கும் நடுவில் 33 ஆண்டுகள். தலைநகரத்தில் நடக்காத ஒன்று வடகிழக்கு மூலையில் இருந்த சென்டாயில் ஏன் நடந்தது? இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது இதைத்தான்.

இதற்குப் பதில் சொல்ல முதலில் பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். டோக்கியோ, கியோட்டோ இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது பேரரசுப் பல்கலைக்கழகமாக தொஹோகு 1907இல் அறிவிக்கப்பட்டது. ரஷ்யாவோடு நடந்த போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். அரசு கஜானா காலி. அப்போது கைகொடுத்தது ஃபுருகாவா குடும்பம். 10 லட்சம் யென்னுக்குச் சற்று அதிகமாக அவர்கள் தந்த நன்கொடையில்தான் சென்டாய், ஃபுகுவோகா, சப்போரோ மூன்று ஊர்களிலும் உயர்கல்விக் கட்டடங்கள் எழும்பின. இந்தக் குடும்பத்தின் செல்வம் அஷியோ செம்புச் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கக் கழிவுதான் வதராசே ஆற்றைக் கெடுத்து, கரையோரத்து உழவர்களின் வயல்களைப் பாழாக்கியது. தனாகா ஷோஸோ என்பவர் நாடாளுமன்றப் பதவியை உதறிவிட்டு, 1901இல் பேரரசரின் வண்டியை நோக்கி மனுவோடு ஓடினார். அது இந்த ஆற்றுக்காகத்தான். உழவர்களின் சாபத்தைச் சுமந்த ஒரு குடும்பம் கல்விக்கு வாரி வழங்கியதைப் புண்ணியம் தேடியது என்பதா, பெயரைக் கழுவிக்கொண்டது என்பதா? இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். கட்டடம் என்னவோ நின்றுவிட்டது.

அறிவிப்பு 1907இல் வந்தாலும், அன்றைக்கு தொஹோகுவிடம் இருந்தது சப்போரோவின் வேளாண் கல்லூரி மட்டுமே. அதுவும் கடல் தாண்டி, ஹொக்கைடோ தீவில். சென்டாயில் அறிவியல் வகுப்புகள் தொடங்க 1911 ஆனது. இங்கே ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் பேரரசுப் பல்கலைக்கழகத்துக்குள் போக உயர்நிலைக் கல்லூரிகள் என்ற சில கல்லூரிகளின் வழியாகத்தான் போக முடியும். அவற்றை முடித்த பையன்களுக்கு டோக்கியோ மேல்தான் கண். பட்டம் வாங்கியதும் அமைச்சகத்தில் நாற்காலி கிடைக்கும் ஊரை விட்டுவிட்டு, குளிரடிக்கும் சென்டாய்க்கு எவன் வருவான்?

முதல் தலைவர் சவாயநாகி மசதாரோ, கல்வி அமைச்சகத்தின் துணை அமைச்சராக இருந்தவர். விதிகளின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர். உயர்நிலைக் கல்லூரி வழியாக வராதவர்களையும் எடுப்போம் என்றார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள், தொழிற்கல்லூரியில் படித்தவர்கள், ஆசிரியர் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தேர்வு எழுதலாம். ஆசிரியர் சான்றிதழ் வைத்திருப்பவர்களில் பெண்களும் உண்டு அல்லவா? அந்த வழியாகத்தான் அவர்கள் வந்தார்கள். இன்று பல்கலைக்கழகம் ‘திறந்த கதவு’ என்பதைத் தன் மரபாகப் பெருமையோடு சொல்கிறது. சொல்லட்டும். ஆனால் அந்தக் கதவைத் திறந்ததில் கொள்கைக்குப் பாதிப் பங்கு, ஆள் பற்றாக்குறைக்குப் பாதிப் பங்கு. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தேவை இருந்தும் கதவைச் சாத்தியே வைத்திருந்த நிறுவனங்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். பெண்கள் உள்ளே வந்த ஆகஸ்டில் சவாயநாகி சென்டாயில் இல்லை. மே மாதமே கியோட்டோவுக்குத் தலைவராகப் போய்விட்டார். அங்கே ஏழு பேராசிரியர்களைத் தன்னிச்சையாக நீக்கப் போய், ஆசிரியர்கள் திரண்டு எதிர்க்க, அடுத்த ஆண்டே பதவி விலகினார். ஜப்பானில் பல்கலைக்கழகத் தன்னாட்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர் பெயரை எதிர்த்தரப்பில்தான் வைக்கிறார்கள்.

அந்த மூவரில் மகிதா ராகு கணிதம் படித்தார். பிறகு ஓவியர் ஒருவரை மணந்துகொண்டு கணிதத்தை விட்டுவிட்டார். டாங்கே உமே வேதியியல் மாணவி. சிறுவயது விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். சேரும்போது வயது 40. பிறகு அமெரிக்கா போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பி, வைட்டமின் ஆராய்ச்சியில் வாழ்நாளைக் கழித்தார்.

குரோடா சிகாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டோக்கியோ மகளிர் ஆசிரியர் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தவர், அந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்து 29 வயதில் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய ஆசிரியர் மஜிமா ரிகோ, ஜப்பானியரின் மரப் பாத்திரங்களில் பூசும் அரக்குப் பாலின் வேதியியலை ஆராய்ந்தவர். ஐரோப்பாவில் இல்லாத பொருளை எடுத்து ஆராய்ந்தால்தான் ஐரோப்பியரோடு போட்டியிட முடியும் என்பது அவர் கணக்கு. குரோடா எடுத்துக்கொண்டது ஒரு வேரை. முராசாகி என்ற செடியின் வேர் அது. பூ வெள்ளை, வேரில் ஊதா. பழைய ஜப்பானிய அரசவையில் உயர் பதவிக்காரர்கள் உடுத்திய ஊதா அந்த வேரிலிருந்து எடுத்த சாயம். அந்தச் சாயப் பொருளைப் பிரித்தெடுத்துத் தூய படிகமாக்கி, மூலக்கூறின் அமைப்பைக் கண்டு, 1918இல் டோக்கியோ வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் படித்தார். அந்த மேடையில் ஆய்வு படித்த முதல் பெண் அவர். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் வந்தார். குசும்பப் பூவின் சிவப்பை ஆராய்ந்து 1929இல் முனைவரானார். கடைசியில் வெங்காயச் சருகில் வந்து நின்றார். நாம் உரித்துக் குப்பையில் போடுகிறோமே, அந்த மஞ்சள் சருகுதான். அதிலிருக்கும் பொருளிலிருந்து இரத்தக் கொதிப்புக்கு ஒரு மருந்து வந்தது.

இனி மற்ற புலங்களுக்கு வருவோம். 1915இல் மருத்துவம். அதன் முன்னோடியான சென்டாய் மருத்துவப் பள்ளியில் 1904 முதல் 1906 வரை ஒரு சீன மாணவர் படித்தார்; அவருடைய குறிப்பேடுகளை ஃபுஜினோ என்ற ஆசிரியர் சிவப்பு மையால் வரி வரியாகத் திருத்திக் கொடுத்தார். அந்த மாணவர் மருத்துவத்தை விட்டுவிட்டு லூ சுன் என்ற எழுத்தாளர் ஆனார். 1919இல் பொறியியல். 1922இல் சட்டமும் இலக்கியமும் ஒரே புலமாக. நாஜிகளிடமிருந்து தப்பிய கார்ல் லோவித் 1936 முதல் 1941 வரை தத்துவம் கற்பித்தது இங்கேதான். போருக்குப் பின் 1947இல் வேளாண்மை வந்தது. 1949இல் சட்டம், இலக்கியம், பொருளாதாரம் தனித்தனியாகப் பிரிந்தன, கல்வியியலும் சேர்ந்தது. 1965இல் பல் மருத்துவம், 1972இல் மருந்தியல். ஆக இன்றைக்குப் பத்துப் புலங்கள்.

பொறியியலில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒருநாளாவது மொட்டை மாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பியிருப்பீர்கள். “தெரியுதா? இப்போ?” என்று கத்தியிருப்பீர்கள். 1980களில் நம் கடற்கரை ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க எவ்வளவு உயரக் கம்பம் நட்டார்கள்! அந்த மீன்முள் ஆண்டெனா சென்டாயில் பிறந்தது. யாகி ஹிதெட்சுகு பேராசிரியர். உதா ஷின்தாரோ அவரிடம் இருந்த இளைஞர். சோதனைகளில் பெரும்பகுதி உதாவின் உழைப்பு, காப்புரிமை யாகியின் பெயரில். கவனித்துப் பார்த்தால் ஒயர் ஒரே ஒரு கம்பியில்தான் இணைந்திருக்கும். பின்னால் சற்று நீளமான கம்பி, முன்னால் சற்றுக் குட்டையான கம்பிகள். இவை எதிலும் ஒயர் கிடையாது, சும்மா நிற்பது போலத் தோன்றும். ஆனால் அவற்றின் நீளமும் இடைவெளியும்தான் அலையை ஒரு திசையில் குவிக்கின்றன. 1926இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பை ஜப்பானிய ராணுவம் சட்டை செய்யவில்லை. 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது, பிரிட்டிஷ் ரேடார் வீரர் ஒருவரின் குறிப்பேட்டில் ‘யாகி’ என்று கண்டு, அது என்னவென்று ஜப்பானியர் கைதியிடமே கேட்டார்களாம். உங்கள் பேராசிரியரின் பெயர்தானே என்றானாம் அவன். உதா பின்னாளில் 1955 முதல் 1958 வரை டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

2011 மார்ச் 11. நிலநடுக்கம்; ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 9. அவோபாயாமா குன்றின் மேலிருந்த பொறியியல் கட்டடங்கள் சில இடிக்கப்படும் அளவுக்குச் சேதமாயின. ஓனாகவா விரிகுடாவில் இருந்த வேளாண் புலத்தின் கடலோர ஆய்வு நிலையத்தைச் சுனாமி தாக்கியது. நாகப்பட்டினத்தைப் பார்த்த நமக்கு அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் மினௌரா கோஜி பல ஆண்டுகளுக்கு முன்பே சென்டாய்ச் சமவெளியின் வயல்களைத் தோண்டிப் பார்த்திருந்தார். கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, களிமண்ணுக்கு நடுவில் கடல் மணல் ஒரு படலமாகக் கிடந்தது. 869இல் இந்தக் கரையைக் கடல் விழுங்கியதாக அரசவை வரலாற்று ஏடு ஒன்று சொல்கிறது. மணலும் ஏடும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னன. 2001இல் வெளியான கட்டுரையில், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை இப்படி வருகிறது, கடைசியாக வந்து 1100 ஆண்டு தாண்டிவிட்டது என்று அவரும் உடனாய்வாளர்களும் எழுதினார்கள். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் சுவர்களைத் தீர்மானித்தவர்கள் அதற்குத் தகுந்த எடை கொடுக்கவில்லை. 2012இல் இங்கே பேரிடர் அறிவியல் ஆய்வு நிறுவனம் தொடங்கியபோது பொறியாளர், மருத்துவரோடு வரலாற்று ஆய்வாளர்களையும் சேர்த்தார்கள். வீடுகளில் நனைந்து கிடந்த பழைய ஏடுகளை உலர்த்திக் காப்பதும் அவர்கள் வேலை.

2024 நவம்பரில் ஜப்பான் அரசு, 10 லட்சம் கோடி யென் நிதியத்தின் வருவாயிலிருந்து உதவி பெறும் முதல் பல்கலைக்கழகமாக தொஹோகுவை அங்கீகரித்தது. போட்டியில் டோக்கியோவும் கியோட்டோவும் இருந்தன. இந்தப் பணத்துக்கு நிபந்தனை உண்டு: பல்கலைக்கழகத்தின் வரவு செலவு ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர வேண்டும். அப்படி வளர்கிறது என்று காட்டப் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் எளிது. பழைய ஏடு படிக்கிற துறை எங்கே போய் 3 விழுக்காடு காட்டும் என்று அங்கே இலக்கியப் புலத்தில் யாராவது கவலைப்பட்டால், 869ஆம் ஆண்டின் அந்த ஏட்டை எடுத்து மேசை மேல் வைக்கும்படி நான் சொல்வேன்.

வணக்கம்.