அம்மாவின் காலுக்கு ஒரு லோஷன்: வெட்டிவேர், நொச்சி, தேன்மெழுகு

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து கதைக்கிறேன். பின்னேரம் நாலரை மணி. பின்னால் கேட்கிற இரைச்சல் சோளகக் காற்று, வேலியோரப் பனையில் ஓலை அடிக்கிறது. மைக்கைச் சட்டைக்குள் செருகித்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் கொஞ்சம் கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காணொளியில் அம்மாவின் காலுக்கு நான் எதையோ பூசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அது என்ன? எப்படிச் செய்வது?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அது கடையில் வாங்கியது இல்லை, இந்தக் குசினியில் செய்ததுதான். இன்று உங்கள் முன்னாலேயே செய்கிறேன்.

முதலில் இது எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல் செய்கிறவர்களுக்குத் தெரியும், கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் இரவில் நித்திரை இல்லை. யானை வரும். அப்பா காவல் கொட்டிலுக்குப் போய்விடுவார். அம்மா வீட்டில் படுத்திருந்தாலும் காது முழுக்க வயல் பக்கம்தான் இருக்கும். தூரத்தில் யானை வெடி ஒன்று கேட்டால் எழும்பி இருந்துவிடுவார். அறுவடை முடிந்து, அப்பா வீட்டில் படுக்கத் தொடங்கிய பிறகும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. இரண்டு மணிக்கு முழிப்பு வரும், பிறகு விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

ஒருநாள் இரவு, குதிக்கால் வெடிப்புக்கு எண்ணெய் பூசலாம் என்று அவருடைய காலை என் மடியில் எடுத்து வைத்தேன். "விடு பிள்ளை, ஊத்தைக் காலடி" என்று இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை. இரண்டு காலையும் தேய்த்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் அம்மா நித்திரை. வாய் கொஞ்சம் திறந்தபடி, சின்னப் பிள்ளைபோல. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த லோஷன் வேலை.

சரி, சாமான்களைக் காட்டுகிறேன். போனைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன்... இப்போது தெரிகிறதா?

இது வெட்டிவேர். மருந்துச் சரக்குக் கடையில் கட்டாக வாங்கலாம். காய்ந்திருக்கும்போது பெரிதாக மணம் தெரியாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கசக்கினால், முதல் மழை விழுந்த மண் மணம் வரும், கூடவே மரத்தின் மணமும். இந்த மணத்தின் நல்ல குணம், அது சீக்கிரம் பறந்து போகாது. வாசனைத் திரவியம் செய்கிறவர்கள் மற்ற மணங்களைப் பிடித்து வைக்க வெட்டிவேர் எண்ணெய் சேர்ப்பதும் அதனால்தான். இரவு பூசினால் காலையிலும் பாயில் லேசாக மணக்கும்.

இது நொச்சி. வேலியில் நிற்கிறது, உங்கள் வீட்டடியிலும் நிற்கும். தடிமனுக்கு ஆவி பிடிக்கிற அதே இலைதான். இலையின் கீழ்ப்பக்கம் வெள்ளை பூத்த மாதிரி இருக்கிறது பாருங்கள். தலையிடிக்கு இதைக் காயவைத்துத் தலையணைக்குள் வைத்துத் தைப்பார் என் அம்மம்மா. இந்த இலையை நேற்றைக்கு முதல்நாளே பறித்து நிழலில் பரப்பிவிட்டேன். பச்சையாகப் போடக் கூடாது. இலையில் இருக்கிற ஈரம் எண்ணெய்க்குள் போனால் பூஞ்சணம் பிடிக்கும்.

எண்ணெய் இரண்டு வகை: தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய். நல்லெண்ணெய் எங்கள் ஊர் எள்ளு, செக்கில் ஆட்டியது. மணம் தூக்கலாக இருக்கும் என்பதால் மூன்றில் ஒரு பங்குதான் சேர்ப்பேன்.

அப்புறம் இது. இந்த மஞ்சள் வட்டம் தேன்மெழுகு. எங்களுக்குத் தேன் கொண்டுவந்து தருகிற அண்ணையிடம், பிழிந்த பிறகு மிஞ்சுகிற அடையை எறிய வேண்டாம் என்று கேட்டு வாங்கினேன். அந்த அடையை ஒரு பழைய சட்டியில் தண்ணீருடன் போட்டுச் சூடாக்கினால் மெழுகு உருகி மேலே மிதக்கும். துணியில் வடித்து அப்படியே ஆறவிட்டால், தண்ணீருக்கு மேல் தட்டுப்போல இறுகி நிற்கும். எடுத்து, அடியில் ஒட்டியிருக்கிற கசடைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். இதோ கிட்டக் காட்டுகிறேன், நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வருகிறது. மூக்கில் வைத்தால் தேன், புகை, காட்டுப்பூ எல்லாம் சேர்ந்த ஒரு மணம். கடை மெழுகில் இந்த மணத்தை நான் கண்டதில்லை.

மெழுகுக்கென்று ஒரு சட்டியை ஒதுக்கிவிடுங்கள், அது கழுவினாலும் போகாது. நேரே அடுப்பில் வைத்து மட்டும் உருக்காதீர்கள். சூடு மிஞ்சினால் தீப்பிடிக்கும். தண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணம் வைத்துத்தான் எப்போதும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும், சுடுதண்ணீர்ச் சூடே தாராளம்.

முதல் வேலை எண்ணெய் காய்ச்சுவது. இதை நேற்றே செய்துவிட்டேன், இரண்டு மணித்தியாலம் உங்களை இருத்தி வைக்க முடியாது. தேங்காயெண்ணெய் 200 மில்லி, நல்லெண்ணெய் 100 மில்லி, கத்தரிக்கோலால் சின்னதாக நறுக்கிய வெட்டிவேர் ஒரு கைப்பிடி, வாடிய நொச்சி ஒரு கைப்பிடி. தண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணம், மிகச் சின்ன நெருப்பு. எண்ணெய் கொதிக்கக் கூடாது, பொரியவும் கூடாது. விரல் வைத்தால் சுட்டு இழுக்கிற அளவுச் சூடு போதும். இலை நொறுங்குகிற பதம் வந்ததும் பழைய வேட்டித் துணியில் வடித்து இரவு முழுக்க வைத்துவிட்டேன். பச்சை கலந்த பொன்நிறம், பார்த்தீர்களா?

இப்போது லோஷன். இந்த எண்ணெயில் 90 மில்லி, தேன்மெழுகு 10 கிராம். தராசு இல்லாவிட்டால், சீவிய மெழுகு குவித்து ஒரு மேசைக்கரண்டி. இரண்டையும் ஒன்றாக உருக்குகிறேன்... உருகிவிட்டது. இறக்கி வைக்கிறேன். இனி அவசரப்படக் கூடாது.

முதல்தடவை நான் பிழைவிட்டது இந்த இடத்தில்தான். எண்ணெய் சுடச்சுட இருக்க, பிரிட்ஜில் இருந்த கற்றாழைச் சோற்றை எடுத்து அப்படியே ஊற்றிவிட்டேன். பால் திரைந்த மாதிரி மெழுகு கட்டி கட்டியாகிவிட்டது, தண்ணீர் அடியில் தனியே நின்றது. ஒன்றும் செய்ய முடியவில்லை. எண்ணெயும் தண்ணீரும் தாமாகச் சேராது. மெழுகு அவற்றைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், ஆனால் இரண்டும் ஒரே சூட்டில் இருந்து, நாங்கள் விடாமல் அடித்தால்தான் பிடிக்கும். ரோமாபுரி வைத்தியர் கேலன் செய்ததாகச் சொல்லப்படுகிற குளிர்களிம்பும் இதே வகைதான்: எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர். கிட்டத்தட்ட 1,800 வருடத்துக்கு முந்திய கைப்பக்குவம்.

இது கொதிக்கவைத்து ஆறின தண்ணீர், 70 மில்லி. கிணற்றுத் தண்ணீரை நேரே ஊற்றாதீர்கள். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன், எண்ணெய் வெதுவெதுப்பு, தண்ணீரும் வெதுவெதுப்பு. எண்ணெய் ஓரத்தில் வெள்ளையாய் மங்கத் தொடங்குகிறது. இதுதான் பதம். இனி முட்டை அடிக்கிற கருவியால் அடித்துக்கொண்டு தண்ணீரைத் துளித் துளியாக... நூல்போல... கை வலிக்கும், விடக் கூடாது. பாருங்கள், நிறம் மாறுகிறது. பொன்நிறம் போய் வெண்ணெய் நிறம் வந்துவிட்டது. கருவியைத் தூக்கினால் மடிப்பு மடிப்பாக விழுகிறது. இதுதான் வேண்டும்!

மணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்க ஆசையென்றால் லவண்டர் எண்ணெய் 100 மில்லிக்கு 10 துளி, அதற்கு மேல் வேண்டாம். அந்த எண்ணெயைத் தனியாகத் தோலில் பூசவே கூடாது, எரிக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் லவண்டரும் வேண்டாம், கர்ப்பூரமும் வேண்டவே வேண்டாம். கர்ப்பூரம் குழந்தைகளுக்கு நஞ்சு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற அக்காமார் வைத்தியரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள். மற்றவர்களும் முதலில் முழங்கையின் உட்பக்கம் துளி பூசி ஒரு நாள் பாருங்கள். மூலிகைதானே என்று நினைக்கிறோம், நொச்சியும் சிலருக்கு அரிக்கும், தேன்மெழுகும் அரிக்கும்.

அடுத்தது எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வி. தண்ணீர் சேர்ந்தது எதுவானாலும் கிருமி வளரும். இதில் நான் கெடாமல் இருக்க எதுவும் போடவில்லை. விட்டமின் ஈ போட்டால் கெடாது என்று சிலர் சொல்கிறார்கள். அது எண்ணெய் காறிப்போவதைத்தான் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. என்னுடைய இரண்டாவது போத்தல் அலுமாரித் தட்டில் ஒன்பதாம் நாள் கறுப்புப் புள்ளி போட்டது, அப்படியே எறிந்தேன். ஆகவே சின்னப் போத்தல், கொதிநீரில் அவித்துக் காயவைத்த போத்தல், பிரிட்ஜில் ஒரு கிழமை, கரண்டியால் எடுக்க வேண்டும், விரல் விடக் கூடாது. மணம் மாறினால் எறியுங்கள், யோசிக்க வேண்டாம்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரர் தண்ணீரே சேர்க்காதீர்கள். 100 மில்லி எண்ணெய்க்கு 20 கிராம் மெழுகு உருக்கி ஊற்றினால் களிம்பாக இறுகும். வெயில் படாத இடத்தில் ஐந்தாறு மாதம் இருக்கும். குதிக்கால் வெடிப்புக்கு உண்மையில் அதுதான் லோஷனைவிடத் திறம்.

பிறகு ஏன் லோஷன் என்றால், எங்கள் வெக்கைக்காக. இந்தக் காலத்தில் இரவிலும் பாய் சுடும், கரண்டும் போகும். உடம்பு முழுக்க எண்ணெயைப் பூசிக்கொண்டு படுத்தால் வேர்த்து, வேர்க்குரு போட்டு, இருந்த நித்திரையும் போய்விடும். லோஷனில் இருக்கிற தண்ணீர் காயும்போது தோல் குளிரும். அதிலும் நான் பூசுவது உள்ளங்கால், குதிக்கால், கை, பின்கழுத்து மட்டுமே.

பூசுகிற விதம்தான் முக்கியம், இதைக் கவனமாகக் கேளுங்கள். படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு அம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைப்பார். கையும் காலும் சூடானால் அங்கே ரத்த ஓட்டம் கூடும், அது உடம்பின் உட்சூட்டை வெளியே விடும், உட்சூடு இறங்கும்போதுதான் நித்திரை வரும். படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பதும் கால் நனைப்பதும் சீக்கிரம் நித்திரை வர உதவுகிறது என்று 2019இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஈரத்தை ஒற்றிவிட்டு, தோல் கொஞ்சம் நனைந்திருக்கும்போதே பூச வேண்டும். பெருவிரல் இரண்டாலும் உள்ளங்கால் நடுவிலிருந்து குதிக்கால் நோக்கி, மெதுவாக. விரல் இடுக்கில் பூசாதீர்கள், அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். நீரிழிவு இருக்கிறவர்களின் காலைத் தேய்க்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீரின் சூட்டையும் உங்கள் கையால் பார்த்துவிட்டு வையுங்கள். அவர்களில் சிலருக்குச் சுடுவது தெரியாது.

இந்தப் போத்தலுக்குள் நித்திரை மருந்து ஒன்றும் இல்லை. நான் நம்புவது பத்து நிமிடம் ஒருவர் காலை ஒருவர் பிடித்திருப்பதை. தினமும் அதே நேரம், அதே மணம். இப்போது வெட்டிவேர் மணம் வந்தாலே அம்மா கொட்டாவி விடுகிறார். நீங்கள் தனியாக இருந்தால் உங்கள் காலை நீங்களே பிடியுங்கள், அதுவும் நல்லதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு இந்த மண்ணில் இரவில் முழித்திருக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கண்ணை மூடினால் ஏதோ ஒன்று வருகிறது என்றால், அல்லது கிழமையில் மூன்று இரவுக்கு மேல் நித்திரை இல்லாமல் மூன்று மாதம் போய்விட்டது என்றால், லோஷன் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் கதையுங்கள். போக மனம் வராவிட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேரம் போனது தெரியவில்லை, இருட்டிவிட்டது. அம்மா விறாந்தையில் பாய் போட்டு நுளம்பு வலையும் கட்டிவிட்டார். அங்கே பாருங்கள், காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். இப்போதெல்லாம் நான் கேட்க முன்னமே நீட்டிவிடுவார். போன் வெளிச்சம் முகத்தில் பட்டால் அவருக்கு நித்திரை குழம்பும், அதனால் இதோடு நிறுத்துகிறேன். "வாறன் அம்மா."