நோட்டின் ஓரத்தில் சிவப்பு மை

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக வேண்டும், எந்த முதுநிலைப் படிப்பில் சேரலாம் என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறி அலைந்திருப்பார்கள். கட்டணம் தெரியும், விடுதி தெரியும். நான் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை இருக்காது. அதற்கு முன் ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோடு பக்கம் நான் ஆசிரியராக இருந்தபோது, பத்தாம் வகுப்பில் ஒருவன் முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடுவான். அறிவுரை சொல்லும் பொறுப்பு என்னுடையது. உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினேன். சீக்கிரம் படு, டிவி பார்க்காதே, பெற்றவர்கள் படும் பாட்டை நினைத்துப் பார். "சரிங்க சார்" என்றான். மறுநாளும் தூங்கினான். மறுபடி பேசினேன். மறுபடி "சரிங்க சார்".

அந்த மாதம் சமூகப்பணி முதுநிலை படிக்கும் பெண் ஒருவர் களப்பணிக்கு வந்திருந்தார். வேப்பமரத்தடியில் அவனோடு உட்கார்ந்தார். வெகுநேரம் பேச்சே இல்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பொறுக்கவில்லை. பிறகு, நகக்கண்ணில் என்ன இவ்வளவு கறை என்று கேட்டாராம். தக்காளிச் செடியின் கறை. அப்பா கால் முறிந்து படுத்திருக்கிறார். மாலையில் இவன் பறிக்கிறான், விடியற்காலை மூன்று மணிக்கு மண்டிக்குப் பெட்டி ஏற்றிப் போகிறான், அப்படியே பள்ளிக்கு வருகிறான். அரை மணி நேரம் எதிரில் இருந்த என் கண்ணில் அந்த விரல்கள் படவே இல்லை.

கதை இதோடு முடியவில்லை. அந்தப் பெண் அன்று நடந்த பேச்சை, பையனின் பெயரில்லாமல், வரி விடாமல் நோட்டில் எழுதினார். வாரம் ஒருமுறை அவருடைய பேராசிரியை அதைப் படிப்பார். அந்தப் பெண் ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் இருந்தது: "அவன் அழத் தொடங்கியதும் பேச்சை மாற்றிவிட்டாய். யாருக்காக?"

என் கேள்வி இதுதான். நீங்கள் சேரப்போகும் இடத்தில் உங்கள் நோட்டில் சிவப்பு மையால் எழுதப்போவது யார்? உளவியலோ, ஆலோசனை உளவியலோ, சமூகப்பணியோ, பட்டத்தின் பெயர் எதுவானாலும் இருக்கட்டும். எத்தனை மணி நேரம் உண்மையான மாணவர் முன்னால் உட்காரவைப்பார்கள், அதை யார் திருத்துவார்கள் என்று கேளுங்கள். துறைத்தலைவரிடம் கேட்பதைவிட, கேன்டீனில் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், திருத்துவது யார்?

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் இரண்டு விரல் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களுக்கும் உரிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். அஞ்சல் வழியில் படித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்கான படிப்பு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். வேலை கிடைக்குமா என்றால், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப்பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

உதவித்தொகை பற்றியும் குறித்து வைத்திருந்தேன். ஒரு விரல் ஆகிவிட்டது. வணக்கம்.