பேசுவதைவிடக் கேட்பதற்கே செலவு அதிகம்

நேயர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணை திறந்தபோது தென்பெண்ணை எப்படி வந்தது என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆற்றங்கரை நெடுக, நீர்மட்டம் அளக்கும் சிறிய சென்சார் பெட்டிகளை வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தானே புயலில் சாய்ந்த மின்கம்பங்களைப் பார்த்தவர்கள் கரண்டை நம்பி இதைச் செய்யமாட்டார்கள். அதனால் பெட்டிக்கு இரண்டு பேட்டரி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே அளவு. ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்கு. இப்படியே செய்தி கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரும்.

சரி, பேட்டரி எத்தனை நாள் வரும்?

இத்தகைய பெட்டிகளில் நெடுநாளாகப் புழங்கிய ரேடியோ சில்லு ஒன்று உண்டு, சிசி2420. அது முழு வலுவில் செய்தி அனுப்ப 17.4 மில்லி ஆம்பியர் எடுக்கும். கேட்பதற்கோ 18.8! யாருமே பேசாதபோதும், காதைத் திறந்து வைத்திருந்தால் அதே செலவுதான். இரண்டாயிரத்து ஐந்நூறு மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தாறு நாளில் காலி. நீர்மட்டம் அளப்பதற்கு ஆகும் செலவு இதன் முன்னால் ஒன்றுமேயில்லை.

ஆகவே ரேடியோவைத் தூங்கவைக்க வேண்டும். நூறு விநாடிக்கு ஒரு விநாடி மட்டும் விழித்தால், கணக்குப்படி அதே பேட்டரி ஒரு வருஷத்தைத் தாண்டும். ஆனால் அனுப்புகிறவரும் கேட்கிறவரும் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டுமே! பெட்டிக்குள் இருக்கும் கடிகாரப் படிகம் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு விநாடி முன்பின்னாக ஓடும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால், ஒன்று பேசும்போது மற்றொன்று தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் அவ்வப்போது நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் கொஞ்சம் பேட்டரி போகும்.

தூரத்தைச் சின்னச் சின்னத் தாவல்களாகப் பிரித்தால் மின்சாரம் மிச்சம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். ஒவ்வொரு தாவலுக்கும் ஒருவர் கேட்டாக வேண்டும். கேட்பதன் விலையைத்தான் இப்போது பார்த்தோம்.

அப்புறம், கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியின் பாடு. எல்லோர் செய்தியும் அதன் வழியாகத்தான் போகும், முதலில் ஓய்வதும் அதுதான். அது ஓய்ந்தால், பின்னால் பேட்டரி நிறைய இருந்தும் மற்றவை ஊமை. 2000-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் வெண்டி ஹைன்ஸல்மன் குழு வெளியிட்ட லீச் முறையில், பெட்டிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள்; ஒவ்வொரு குழுவிலும் தலைமைப் பொறுப்பு பெட்டிக்குப் பெட்டி சுழன்று வரும். தலைமைப் பெட்டி பல அளவுகளைத் தொகுத்து ஒரே செய்தியாக அனுப்பும். ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் பெட்டிகளுக்கு, கட்டுப்பாட்டு அறையை ஒட்டிய அந்தக் கடைசிப் பெட்டிக்கு மட்டும் பெரிய பேட்டரியும் சோலார் தகடும் வைப்பது எளிது என்பேன்.

கடைசியாக, எல்லா மாதத்துக்கும் ஒரே கணக்கு வேண்டாம். மாசி, பங்குனியில் மணிக்கு ஒரு தடவை அளந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில், நீர் ஏறத் தொடங்கியதும் நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்து அனுப்பட்டும். அந்தச் சில நாட்களுக்காகத்தானே மற்ற மாதமெல்லாம் மிச்சம் பிடிக்கிறோம்.

நன்றி, வணக்கம்.