மண் ரிப்போர்ட் வந்தாச்சு, டிஏபி மூட்டை வேண்டாம்

வணக்கம் மக்களே! பரிசோதனைக்கு அனுப்பிய நம் வயல் மண்ணின் ரிப்போர்ட் வந்துவிட்டது. சித்தப்பா வீட்டில் இல்லை, அதனால் தைரியமாகப் பேசுகிறேன். மண்ணைப் பார்க்காமல் டிஏபி (மணிச்சத்தும் தழைச்சத்தும் தரும் ரசாயன உரம்) போட வேண்டாம் என்றதற்கு, போன வீடியோவில் அந்த மூட்டை மேல் உட்கார்ந்தபடி என்னை எப்படித் திட்டினார், பார்த்தீர்கள்தானே? மூட்டை 1350 ரூபாய்!

முதலில் கூரியர் கதை. அரைக் கிலோ மண் அனுப்ப 160 ரூபாய். பரிசோதனைக் கட்டணமே அவ்வளவு இல்லை. "உள்ளே என்ன?" என்றார் கூரியர்காரர். "மண்" என்றேன். "மண்ணா?" என்று எடை மேடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். துணிப்பை கூடாதாம், அட்டைப்பெட்டிக்குத் தனியாக 30 ரூபாய். அந்த முப்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

சரி, ரிப்போர்ட். கார அமில நிலை (pH) 8.3, அதாவது காரம். சுண்ணாம்பு அதிகமுள்ள நம் கரிசலில் இது எதிர்பார்த்ததுதான். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஹெக்டேருக்கு 31 கிலோ! 22-ஐத் தாண்டினாலே 'அதிகம்' என்று கணக்கு. போடுகிற மணிச்சத்தில் பெரும்பகுதியைச் சுண்ணாம்பிலுள்ள கால்சியம் பிடித்துக்கொள்கிறது, அந்தப் போகத்துப் பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். மீதி வருஷா வருஷம் மண்ணிலேயே சேர்கிறது. மழையில் மேல்மண்ணோடு அடித்துக்கொண்டு ஏரிக்குப் போனால் அங்கே பாசிக்கு விருந்து.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். நீங்களும் மண் கொடுத்தால், மணிச்சத்தை ஓல்சன் முறையில் பார்த்தார்களா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். 1954-இல் வந்த முறை, சோடியம் பைகார்பனேட் கரைசலில் பிரித்தெடுப்பது. அமில மண்ணுக்கான பிரே முறையில் அமிலக் கரைசலால் பிரித்தெடுப்பார்கள், நம் மண்ணின் சுண்ணாம்பு அந்த அமிலத்தையே முறித்துவிடும்.

எனக்குப் பிடிக்காத எண், அங்ககக் கரிமம் (மண்ணில் மக்கிய பொருளிலுள்ள கார்பன்): 0.38 சதவீதம். அரைக்குக் கீழே என்றால் குறைவு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது. பல்கலைக்கழகம் ஆனதே 1971-இல்தான், வயல் அதற்கும் மூத்தது. ஒரு பாத்திக்குத் தொழு உரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் இப்படியே! தொழு உரப் பாத்தியில் கரிமம் நிற்கிறது, வெறும் பாத்தியில் இல்லை. சித்தப்பாவிடம் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

ஆக, இந்தப் போகம் டிஏபி கிடையாது. மக்கிய தொழு உரத்தில் பாஸ்போபாக்டீரியா (மண்ணில் பிடிபட்ட மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர்) கலந்து போடுகிறேன், தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) யூரியாவைப் பிரித்துப் பிரித்து. துத்தநாகமும் குறைவு என்று வந்திருக்கிறது, மணிச்சத்து மிஞ்சினால் பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது இன்னும் குறையும். அதற்கு ஜிங்க் சல்பேட் (துத்தநாக உரம்) வாங்குகிறவர்கள் டிஏபியோடு சேர்த்துக் கலக்காதீர்கள், இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு பயிருக்கு எட்டாமல் போகும். மூட்டையைக் கடையில் திருப்பி எடுப்பார்களா என்று நாளைக்குக் கேட்கப் போகிறேன், பில் மட்டும் சித்தப்பா சட்டைப் பையில்.